பாதியில் நின்ற இரண்டு சீட்டு வண்டி

விளம்பரம் இங்கிலீஷில் இருந்தது. பழைய கம்பெனியில் என்னோடு வேலை பார்த்த ஒருவர் அதை என் போனுக்கு அனுப்பி, கீழே "உன் வண்டி வெலைக்கு வந்துட்ச்சு பாத்தியா" என்று எழுதியிருந்தார். அது என் வண்டி இல்லை, என் முதலாளியுடையது. ஆனால் கும்மிடிப்பூண்டி எஸ்டேட்டில் எங்கள் கம்பெனியில் இருந்த எல்லாரும் அதை என் வண்டி என்றுதான் சொல்வார்கள், கொஞ்சம் கிண்டலாக.

என் மகள் அப்போது காலேஜ் முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். போனை அவளிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். அவள் படித்துத் தமிழில் சொன்னாள். இங்கிலாந்தில் செய்த பழைய ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே சீட். மடக்குகிற துணிக் கூரை. புதுப்பிக்கும் வேலை பாதியில் நிற்கிறது, கஷ்டமான வேலையெல்லாம் முடிந்துவிட்டது. ஓனர் பல வருஷமாக ஆசையோடு தன் கையாலேயே செய்தது. வெளிநாடு போவதால் மனசில்லாமல் விற்கிறார்.

"தன் கையாலேன்னா போட்டுகிது?" என்று கேட்டேன்.

"அப்படித்தான் போட்டிருக்குப்பா."

போட்டோ ஆறு இருந்தது. ஒன்றில், இடது பக்கக் கதவைத் திறந்து பிடித்திருக்கும் ஒரு கை மட்டும் தெரிந்தது. முழங்கைக்கு மேல் ஆளை வெட்டியிருந்தார்கள். அது என் கை. வலது ஆள்காட்டி விரல் எனக்குப் பாதிதான் இருக்கும், அதனால் சந்தேகமே இல்லை. மகள் அந்தப் படத்தைப் பெரிசாக்கிப் பார்த்தாள். பிறகு போனை என்னிடம் கொடுத்துவிட்டு எழுந்து போனாள்.

நான் ஐ.டி.ஐ. படித்த ஃபிட்டர். பொன்னேரிக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில் என் அப்பா அடுத்தவர் நிலத்தில் ஏர் ஓட்டினார், வரப்பு வெட்டினார், அறுப்பு அறுத்தார். நிலக்காரர் வீட்டில் அவருக்குக் கூழ் ஊற்றினால் மாட்டுக் கொட்டகைப் பக்கம் உட்கார்ந்துதான் குடிப்பார். அந்த அலுமினியக் குண்டானைக் கழுவி அங்கேயே ஒரு ஓரமாகக் கவிழ்த்து வைத்துவிட்டு வர வேண்டும். எங்கள் வீட்டில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் நான். தகடு அழுத்தி வண்டிகளுக்கு உதிரி பாகம் செய்கிற ஒரு கம்பெனியில், டூல் ரூமில் சேர்ந்தேன். தகட்டை அழுத்துகிற இரும்பு அச்சான டை உடைந்தால் சரி செய்வது, புது டையைத் தேய்த்துப் பொருத்துவது என் வேலை. தேய்த்த இடத்தில் விரல் நுனியை ஓட்டினாலே எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று தெரிந்துவிடும். பெருமைக்குச் சொல்லவில்லை. அந்த வேலையில் பத்து வருஷம் இருந்தால் யாருக்கும் வந்துவிடும்.

முதலாளிக்கு என்னைவிட ஏழெட்டு வயது அதிகம். அவருடைய அப்பா ஆரம்பித்த கம்பெனி அது. அந்தப் பெரியவர் இறந்த பிறகு, சென்னையில் அவர்கள் வீட்டை இடித்து ஃப்ளாட் கட்டக் கொடுத்தார்கள். வீட்டு ஷெட்டில் பல காலமாகக் கிடந்த காரை ஒரு டெம்போவில் ஏற்றி எங்கள் கம்பெனிக்குக் கொண்டுவந்தார்கள். பின்பக்கம் ஸ்கிராப் கொட்டுகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு ஷெட் காலியாக இருந்தது. அங்கே இறக்கினோம். நாலு டயரும் சப்பையாகிக் கிடந்தது. சீட்டுக்குள் எலி குட்டி போட்டிருந்தது. கால் வைக்கிற இடத்தில் தகடே இல்லை, கையை விட்டால் தரை தட்டுப்பட்டது.

முதலாளி அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். "எங்கப்பா இதுலதான் என்னை ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போவார்" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "இது திரும்ப ஓடணும்ப்பா. வெளிய எவன்கிட்டயும் குடுக்க மாட்டேன். நீதான் பண்ற. ஞாயித்துக்கிழமை வந்தா போதும், நானும் வரேன்."

ஞாயிற்றுக்கிழமை எங்களுக்குச் சர்ச் உண்டு. என் மனைவி பாட்டுக் குழுவில் இருந்தாள், நானும் அப்போதெல்லாம் வேதபாடம் வாசிக்க எழுந்து நிற்பேன். அவளிடம் ஒரு ரெண்டு மாசம் வேலை என்று சொன்னேன். அவளும் சரி என்றாள். எட்டு வருஷம் ஆகும் என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. போகப் போக அவளும் மகளும் மட்டும் போய் வந்தார்கள். பாஸ்டர் கேட்டதற்கு, "அவருக்கு டூட்டி" என்று முதலில் சொன்னாளாம். ஒரு வருஷத்துக்கு மேல் அவரும் கேட்பதை விட்டுவிட்டார்.

முதல் ஞாயிறு நடந்ததைச் சொன்னால்தான் நான் ஏன் போனேன் என்பது புரியும். காலையிலிருந்து கதவு, பானெட், பம்பர் எல்லாம் கழற்றினோம். முதலாளி அரை டவுசர் போட்டுக்கொண்டு வந்திருந்தார். ஸ்பானர் எடுத்துக் கொடுத்தார், துருவைச் சுரண்டினார், கையெல்லாம் கிரீஸ். மதியம் பஜாருக்கு ஆள் அனுப்பி பிரியாணி வாங்கிவரச் சொன்னார். நான் என் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு வெளியே மரத்தடிக்குப் போகப் பார்த்தேன். "எங்க போற, இங்க உக்காரு" என்றார். ஒர்க் பெஞ்ச் மேல் நியூஸ்பேப்பர் விரித்து, அவர் பக்கத்தில் என்னை உட்கார வைத்தார். ஒரே பேப்பரில் இரண்டு பேரும் சாப்பிட்டோம். அவர் தன் முட்டையை எடுத்து என் பக்கம் வைத்தார், கொலஸ்ட்ரால் என்று சொல்லிக்கொண்டே.

அன்று சாயங்காலம் மனைவியிடம் இதை மூன்று முறை சொன்னேன். மூன்றாவது முறை அவள், "சாப்பாடு போட்டாரு, அதுக்கு இன்னா இப்போ" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. அவளுக்குப் புரியவில்லை என்று நினைத்தேன். என் அப்பா அந்த அலுமினியக் குண்டானை ஆயுசு முழுக்கக் கழுவிக் கவிழ்த்தவர். அவர் மகன் முதலாளியோடு ஒரே பேப்பரில் சாப்பிட்டான். எட்டு வருஷ ஞாயிற்றுக்கிழமைகளை நான் கொடுத்தது அதற்காகத்தான். இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. ஆனால் உண்மை அதுதான்.

கழற்றிய ஒவ்வொன்றையும் நான் நோட்டில் எழுதி வைத்தேன். பொன்னேரியில் வாங்கிய நீளமான கோடு போடாத நோட்டு. பென்சிலால் படம் போட்டு, எந்த போல்ட் எங்கே இருந்தது, கீழே எத்தனை வாஷர், எந்தப் பக்கம் பார்த்திருந்தது, எல்லாம் குறித்தேன். போல்ட்டுகளைக் கழுவி எண்ணெய் தடவிப் பழைய பிஸ்கட் டின்களில் போட்டு, டின் மேல் வெறும் நம்பர் மட்டும் எழுதினேன். அந்த நம்பருக்கு என்ன அர்த்தம் என்பது நோட்டில் இருந்தது. முதலாளி அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "கம்பெனில இருக்கற எஞ்சினியருங்க எல்லாம் உன்கிட்ட படிக்கணும்ப்பா" என்றார். இப்படித்தான் பேசுவார். "வண்டி ஓடற அன்னிக்கு முதல்ல உன்னையும் உன் வீட்டம்மாவையும் உக்கார வச்சுப் பழவேற்காடு வரைக்கும் நானே ஓட்டிட்டுப் போவேன், அப்புறம்தான் என் பொண்டாட்டி" என்று வேறு சொல்லியிருந்தார். இதையும் நான் வீட்டில் வந்து சொன்னேன்.

இடது கதவின் கீழ்ப்பாதி துருப்பிடித்து உதிர்ந்து போயிருந்தது. அந்த மாதிரிக் கதவு எங்கேயும் கிடைக்கவில்லை. வலது கதவை வைத்து, கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம் வலம் மாற்றி அளவெடுத்தேன். வேப்பம் பலகையில் அந்த வளைவைச் செதுக்கி, தகட்டை அதன் மேல் போட்டு மரச்சுத்தியால் தட்டித் தட்டிப் படிய வைத்தேன். மூன்று தகடு வீணாயிற்று. நாலாவது சரியாக வந்தது. மாட்டிச் சாத்தியபோது 'டப்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மேலிருந்து கீழ்வரை ஒரே அளவு இடைவெளி. நான் அதைத் திறந்து திறந்து சாத்திக்கொண்டிருந்தேன். அன்று முதலாளி வரவில்லை, ஏதோ கல்யாணம்.

எஞ்சின் பிளாக்கில் ஒரு விரிசல் இருந்தது. அது வார்ப்பிரும்பு, வெல்டிங் வைத்தால் பக்கத்தில் பிளக்கும். அதனால் விரிசல் நெடுக ஒன்றையொன்று கடிக்கிற மாதிரி சின்னச் சின்ன ஓட்டை போட்டு, மரை வெட்டி, இரும்பு ஆணிகளை முடுக்கி, தட்டித் தேய்த்து அடைத்தேன், துணி தைப்பதுபோல. மழைக்காலம் முழுக்க அந்த வேலைதான். ஐந்தாவது வருஷம் ஒரு ஞாயிறு எஞ்சினைத் தனியாக ஸ்டாண்டில் ஏற்றி, பெட்ரோல் டப்பாவை மேலே கட்டித் தொங்கவிட்டு ஸ்டார்ட் செய்தோம். மூன்று தடவை இருமியது. நாலாவது தடவை பிடித்துக்கொண்டது. ஒரு டீ குடிக்கிற நேரம் ஓடியிருக்கும். முதலாளி போனில் படம் எடுத்துக்கொண்டே அழுதார். நிறுத்திய பிறகு என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "எங்கப்பா இருந்திருக்கணும்ப்பா" என்றார். நானும் அழுதேன்.

அடுத்த வாரம் என் மகள் அந்த வீடியோவை எங்கேயோ பார்த்துவிட்டு வந்து காட்டினாள். முதலாளி போட்டிருந்தார். பழைய கார் பிரியர்கள் நூற்றுக்கணக்கில் பாராட்டியிருந்தார்கள். எஞ்சின், அவர் முகம், அவர் கை எல்லாம் இருந்தது. "அப்பா, நீ எங்கயும் இல்லியே" என்றாள். அப்போது அவள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். "நான்தான் பின்னாடி டப்பாவைப் பிடிச்சிக்கினு இருந்தேன்" என்றேன். அது பொய். டப்பாவைக் கம்பியில் கட்டியிருந்தோம். நான் அவருக்குப் பக்கத்தில் நின்று கார்புரேட்டரைத் திருகிக்கொண்டிருந்தேன்.

விரல் போனது அதற்கு அடுத்த வருஷம்.

எஞ்சினை வண்டிக்குள் இறக்கியாகிவிட்டது. கியர் பாக்ஸை அதோடு சேர்க்க வேண்டும். அது, செயினை இழுத்து ஏற்றி இறக்குகிற செயின் பிளாக்கில் தொங்கியது. நான் கீழே படுத்து, இரண்டும் நேராகச் சேர்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன். செயினை முதலாளி பிடித்திருந்தார். "கொஞ்சம் மேல தூக்குங்க சார்" என்றேன். அந்த நேரம் அவருக்குப் போன் வந்தது. போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டே இன்னொரு கையால் செயினை இழுத்தார். ஏற்றுகிற பக்கத்துக்குப் பதிலாக இறக்குகிற பக்கத்தை இழுத்துவிட்டார்.

வலி உடனே தெரியவில்லை. விரல் நுனி சூடாக இருந்தது, அவ்வளவுதான். அவர் பயந்துபோனார். தன் காரில் ஏற்றினார். ஏற்றுவதற்கு முன்னால் சீட்டில் கிரீஸ் துடைக்கிற பனியன் வேஸ்ட் துணியை எடுத்து விரித்தார். வேகமாகத்தான் ஓட்டினார், அதையும் சொல்ல வேண்டும். ஹைவேயில் ஏறியதும் சொன்னார்.

"டாக்டர் கேட்டா வீட்ல நடந்ததுன்னு சொல்லிடுப்பா. இன்னிக்கு ஞாயித்துக்கிழமை, ரெஜிஸ்டர்ல நீ இல்ல. விஷயம் வெளிய போச்சுன்னா ஃபாக்டரி இன்ஸ்பெக்டர் வருவான். கம்பெனியை மூடுன்னுவான். எல்லார் பொழப்பும் போயிடும். உனக்கு நான் இருக்கேன்."

"சரி சார்" என்றேன்.

"ஏதாவது... கிரைண்டர் கல்லு விழுந்துச்சுன்னு சொல்லு."

அது ஒரு தனியார் ஆஸ்பத்திரி. டாக்டர் கேட்டார். கிரைண்டர் கல்லைத் தூக்கி வைக்கும்போது விழுந்துவிட்டது என்று சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். நுனியைக் காப்பாற்ற முடியவில்லை. முதல் கணுவோடு எடுத்துவிட்டார்கள். சாயங்காலம் என் மனைவி வந்தாள். நர்ஸ் அவளிடம், "அந்த வெயிட்டை எல்லாம் தனியாத் தூக்க விடாதீங்கம்மா" என்று சொல்லியிருக்கிறார். அவள் என் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"நம்ம ஊட்ல ஏது கிரைண்டரு? மிக்ஸிதானே கீது" என்றாள்.

நான் நடந்ததைச் சொன்னேன். அவள் முழுவதையும் கேட்டாள். "அந்த ஆளு சொன்னா நீ சொல்லிடுவியா? உன் விரலு, உன் வாயி" என்றாள். அதற்கு மேல் அவள் அழவும் இல்லை, சண்டை போடவும் இல்லை. அன்றிலிருந்து அந்த வண்டியைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆஸ்பத்திரிச் செலவை முதலாளி பார்த்துக்கொண்டார். இரண்டு மாதம் வேலைக்குப் போகாமல் இருந்தேன், சம்பளம் வந்தது. திரும்பிப் போனபோது டை தேய்க்க முடியவில்லை. மற்ற விரல்களுக்கு அந்தப் பழக்கம் வரவே இல்லை. மேடு பள்ளம் தெரியாத ஆளை டூல் ரூமில் வைத்து என்ன செய்வது, இன்ஸ்பெக்ஷனில் கேஜ் வைத்து அளவு பார்க்கிற வேலைக்கு மாற்றினார்கள். அங்கே யாரும் என்னைத் தேடி வரவில்லை. டூல் ரூமில் இருந்தபோது லைன் நின்றால் முதலில் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

இதில் என்னாலேயே மன்னிக்க முடியாத ஒன்று இருக்கிறது. அந்த இரண்டு மாதம் முடிந்து வந்த முதல் ஞாயிறே நான் ஷெட்டுக்குப் போனேன். யாரும் கூப்பிடவில்லை. கட்டுப் பிரித்த விரலோடு போய், தார்ப்பாயை விலக்கி, கதவைத் திறந்து சாத்திப் பார்த்தேன். முதலாளி வந்ததும், "வந்துட்டியா, எனக்குத் தெரியும்" என்றார். இன்னும் இரண்டு வருஷம் போனேன். பிரேக், அடித்தகடு, வயரிங் பாதி. வேலை மெதுவாகிவிட்டது. முதலாளியும் மாதத்துக்கு ஒரு முறைதான் வந்தார், வந்தாலும் போனில் பேசிக்கொண்டே நிற்பார்.

பிறகு கம்பெனிக்கு ஆர்டர் கொடுத்துக்கொண்டிருந்த பெரிய இடம் வேறு ஆளிடம் போய்விட்டது. முதலாளி ஒரு வருஷம் இழுத்துப் பார்த்தார். கடைசியில் எங்களுக்குக் கணக்கு முடித்துக் கொடுத்துவிட்டு இடத்தை விற்க ஏற்பாடு செய்தார். அவர் மகன் வெளிநாட்டில் இருந்தான், அங்கே போவதாகச் சொன்னார்கள். எனக்குத் தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்டில் வேலை கிடைத்தது. இருபது வயசுப் பிள்ளைகளோடு கன்வேயர் பக்கத்தில் நின்று, வருகிற டப்பாவில் கீறல் இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. கம்பெனி பஸ்ஸில் போய்வந்தேன். வண்டி அந்த ஷெட்டிலேயே நின்றது.

விளம்பரம் வந்தது அதன் பிறகுதான். வந்த நாலாவது நாள் முதலாளியே போன் செய்தார். ஒரு வருஷத்துக்குப் பிறகு பேசுகிறார்.

"சனிக்கிழமை கோயமுத்தூர்லேருந்து ஒருத்தர் வண்டி பார்க்க வர்றார்ப்பா. நல்ல பார்ட்டி. விவரம் தெரிஞ்சவர், கேள்வி கேப்பார். எனக்கு ஞாபகம் இல்ல, உனக்குத்தான் எல்லாம் தெரியும். ஒரு பத்து மணிக்கு வந்துடு. அந்த நோட்டையும் எடுத்துட்டு வா."

"சரி சார்" என்றேன். அந்த இரண்டு வார்த்தையும் என் வாயில் தானாக வரும்.

லீவு போட்டுவிட்டுப் போனேன். எதற்குப் போனாய் என்று மனைவி பிறகு கேட்டாள். வண்டியைப் பார்க்கத்தான் போனேன். வேறு ஒன்றும் இல்லை. நோட்டைப் பையில் வைத்து எடுத்துக்கொண்டுதான் போனேன், கொடுத்துவிடும் எண்ணத்தில்தான்.

கோயமுத்தூர்க்காரருக்கு ஐம்பது வயது இருக்கும். அவசரப்படாத ஆள். சட்டையை மடித்துவிட்டுத் தரையில் படுத்து அடியில் பார்த்தார். எஞ்சினில் நான் தைத்த இடத்தை டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு இடது கதவுக்கு வந்தார். திறந்தார், சாத்தினார், கீழ் விளிம்பில் விரலை ஓட்டினார்.

"இந்தக் கதவு கம்பெனிக் கதவு இல்லீங்களே. கையில அடிச்சதுங்க. யாருங்க பண்ணுனது?"

"எல்லாம் இங்கயே பண்ணினதுதான்" என்றார் முதலாளி. "நானும் பசங்களுமா சேர்ந்து பண்ணினோம்."

எனக்கு அப்போது வயது ஐம்பத்திரண்டு. அந்தப் பசங்கள் என்பது நான் ஒருவன்தான். அதையும் பொறுத்துக்கொண்டு நின்றேன். வந்தவர் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொன்னேன். அவரும் என்னையே பார்த்துக் கேட்க ஆரம்பித்துவிட்டார், முதலாளியைப் பார்ப்பதை விட்டுவிட்டார். பிஸ்கட் டின்களைக் காட்டும்போது என் கையைப் பார்த்தார்.

"விரலுக்கு என்னாச்சுங்க? இந்த வண்டியிலயா?"

நான் வாயைத் திறப்பதற்குள் முதலாளி சொன்னார். "சேச்சே, இல்ல. அது அவன் வீட்ல நடந்தது. கிரைண்டர் கல்லு விழுந்துடுச்சு, பாவம்."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அதில் பயமும் இல்லை, கூச்சமும் இல்லை. கம்பெனி மூடியாகிவிட்டது. இனி எந்த இன்ஸ்பெக்டரும் வரப்போவதில்லை. அவர் அந்தப் பொய்யைச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் அந்த 'பாவம்' என்ற வார்த்தையை அவர் மனசாரச் சொன்னார். நடந்தது என்னவென்று அவருக்கு மறந்தே போயிருந்தது.

"நோட்டு ஒண்ணு இருக்கு" என்று அவர் கோயமுத்தூர்க்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "ஒவ்வொரு போல்ட்டும் குறிச்சு வச்சிருக்கான். அதைப் பார்த்தீங்கன்னா யார் வேணா இந்த வண்டியை மாட்டிடலாம். எடுப்பா."

"பையில கீது சார்" என்றேன். "குடுக்கறதா இல்ல."

அவர் சிரித்தார். "என்னப்பா விளையாடற."

"விளையாடல சார். விரலு எங்க போச்சுன்னு இவர்கிட்ட சரியாச் சொல்லுங்க. நோட்டை இங்கயே வெச்சிட்டுப் போறேன்."

கோயமுத்தூர்க்காரர் மெதுவாக வண்டியின் மறுபக்கம் போய்விட்டார். முதலாளி என் தோளைப் பிடித்து ஷெட்டுக்கு வெளியே கூட்டிவந்தார். குரல் தணிந்திருந்தது.

"உனக்கு என்ன வேணும்னு சொல்லு. வித்ததும் பார்த்துப் பண்றேன். இந்த நேரத்துல இப்படிப் பண்ணாத."

"எனக்கு எதுவும் வேணாம் சார். செயினை நான்தான் மாத்தி இழுத்தேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. அவர் எங்க ஊர்க்காரர் இல்ல, போலீஸ்காரர் இல்ல. சொன்னா ஒண்ணும் ஆவாது."

அவர் என் விரலைப் பார்த்தார். ஞாபகம் வந்துவிட்டது என்பது முகத்தில் தெரிந்தது. சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

"உன்னைப் பக்கத்துல உக்கார வச்சுச் சாப்பிட வச்சேன்" என்றார். "ஒரு நாள் கூட வேலைக்காரனாப் பார்த்ததில்ல. யார் செய்வா அப்படி?"

அந்த பிரியாணியை நான் மட்டும்தான் அத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருக்கிறேன் என்று எண்ணியிருந்தேன். அவரும் அதை மறக்காமல்தான் வைத்திருந்தார். எனக்கு விரல் போனது அவருக்கு மறந்தது, பக்கத்தில் உட்கார வைத்தது மறக்கவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கேட்டைத் தாண்டி ஷேர் ஆட்டோ நிற்கிற இடத்துக்கு நடந்தேன். பின்னால் ஒரு முறை கூப்பிட்டார். திரும்பவில்லை.

வீட்டில் சொன்னதும் மனைவி மெச்சிக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். "இத்த அன்னிக்கே ஆஸ்பத்திரில சொல்லிருக்கணும். இப்ப சொல்லி இன்னா" என்றாள்.

கோயமுத்தூர்க்காரர் நோட்டு இல்லாமலே வண்டியை வாங்கினார். விலையைக் குறைத்துக் கேட்டிருப்பார், முதலாளியும் கொடுத்திருப்பார். லாரியில் ஏற்றும்போது பார்த்த ஒருவர் சொன்னார், பிஸ்கட் டின்கள் சில கவிழ்ந்து போல்ட்டெல்லாம் கலந்துவிட்டதாம். வாரி ஒரு சாக்கில் கொட்டினார்களாம். அதைக் கேட்ட அன்று என்னால் சாப்பிட முடியவில்லை. முதலாளி அடுத்த மாதம் வெளிநாடு போய்விட்டார். அவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. நான் கொடுத்த தண்டனை எல்லாம் அந்த வண்டிக்கும், ஒரு தப்பும் செய்யாத ஒரு மனுஷனுக்கும்தான் போய்ச் சேர்ந்தது.

அந்த மனுஷன் என் நம்பரைத் தேடிப் பிடித்துப் போன் செய்தார். நோட்டைக் கேட்டார், நல்ல மாதிரியாகத்தான் கேட்டார். ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு திருப்பி அனுப்பிவிடுகிறேன் என்றார். முடியாது என்றேன். முதலாளி மேல் இருந்த கோபத்துக்கு அவரை ஏன் அலைக்கழிக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. அவர் வற்புறுத்தவில்லை. பின் ஸ்பிரிங் மாட்டுகிற இடத்தில் எத்தனை வாஷர் என்று மட்டும் கேட்டார். சொன்னேன். இரண்டு வாரம் கழித்து ஸ்டியரிங் பற்றிக் கேட்டார். அதையும் சொன்னேன். மூன்றாவது முறை அவர் பேர் போனில் வந்தபோது எடுக்கவில்லை. நாலாவது முறையும் எடுக்கவில்லை.

ஏழெட்டு மாதம் கழித்து வேறு நம்பரிலிருந்து வந்தது, அவர்தான்.

"என்னால முடியலீங்க" என்றார். "பையன் கல்யாணம் வருது, ஷெட்டும் காலி பண்ணோணும். மறுபடி வித்துடலாம்னு பாக்கறேன். ஆனா வேற ஒருத்தருக்குக் குடுக்கறதுக்கு முன்னாடி உங்களைக் கேக்கோணும்னு தோணுச்சு. நீங்க எடுத்துக்கறீங்களா? லாரி வாடகை மட்டும் குடுத்தாப் போதும். உங்க கைதானுங்க அதுல இருக்கறது பூரா."

யாரும் அதை என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். எங்கள் வீடு இரண்டு அறை. வாசலில் ஒரு பைக் நின்றாலே பக்கத்து வீட்டுக்காரருக்கு வழி அடைபடும். இதைச் சொன்னால் போதும். ஆனால் என் வாயில் வந்தது வேறு.

"எனக்குக் காரு ஓட்டத் தெரியாது சார்" என்றேன். "கத்துக்கவே இல்ல."

அவர், "சரிங்க, நான் வேற இடத்துல சொல்லி வைக்கறேன்" என்றார். பெங்களூரில் ஒருவர் கேட்டுக்கொண்டிருப்பதாகவும், அவர் பாகம் பாகமாகப் பிரித்து வாங்கிக்கொள்வார் என்றும் சொன்னார். கதவுகளை மட்டும் யாரோ முன்பே கேட்டிருக்கிறார்களாம். அதற்குள் பஸ் வந்துவிட்டது, வைத்துவிடுகிறேன் என்று சொல்லி ஏறிக்கொண்டேன்.